மாதிரி ரயில்பாதையோரக் கட்டடம்: அளவா, தோற்றமா?

மாதிரி ரயில்பாதையின் ஓரத்தில் நிற்கும் கட்டடம் அசலை எவ்வளவு நெருக்கமாகப் பின்பற்ற வேண்டும் என்பது நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி. என்ஜினைப் பொறுத்தவரை இது பெரிய சிக்கலாவதில்லை. 1:87 அளவில், அதாவது ஓர் அடிக்கு 3.5 மி.மீ. என்ற கணக்கில் செய்த என்ஜின் உள்ளங்கையில் அடங்கிவிடும். அதைச் சுருக்க வேண்டிய கட்டாயம் வருவதில்லை. கட்டடத்துக்கு அந்த வசதி கிடையாது. 200 அடி நீளமுள்ள கூட்ஸ் ஷெட் அதே அளவில் 70 செ.மீ. இடம் கேட்கும். தண்டவாளத்தை ஒட்டி 600 அடிக்கு நீளும் மாவு ஆலையோ இரண்டு மீட்டரைத் தாண்டிவிடும். ஓர் அறைக்குள் இரண்டு மூன்று ஊர்களும் அவற்றை இணைக்கும் பாதையும் வேண்டுமென்றால் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். எதை விடுவது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன.

கிட் வாங்கிக் கட்டுபவருக்கு இந்த முடிவுகளைப் பெரும்பாலும் தயாரிப்பாளரே எடுத்துத் தந்துவிடுகிறார். அட்டை, மரம், ஸ்டைரீன் தகடு என்று மூலப்பொருளிலிருந்தே கட்டுபவருக்கு அப்படி யாரும் எடுத்துத் தருவதில்லை. ஒவ்வொரு ஜன்னலும் ஒவ்வொரு படியும் அவர் முடிவுக்குக் காத்திருக்கும். இந்த விவாதத்தின் கூர்மையான பகுதிகள் ஸ்கிராட்ச் பில்டிங் எனப்படும் இந்த முறையைச் சுற்றியே நடந்திருப்பதற்கு அதுவே காரணம் எனலாம். விவாதம் மிகுதியாக நடந்த இடங்கள் பிரிட்டனும் அமெரிக்காவும். 1920களிலும் 30களிலும் அங்கே தோன்றிய இத்துறை இதழ்கள் அதற்குக் களம் அமைத்துத் தந்தன.

அளவு பிசகக் கூடாது என்போர்

முதல் தரப்பின் வாதம் நேரடியானது. மாதிரி என்பது அசலின் சிறு வடிவம். எல்லாப் பரிமாணங்களும் ஒரே விகிதத்தில் குறைய வேண்டும். அங்கங்கே விகிதத்தை மாற்றினால் கிடைப்பது வேறொரு கட்டடம். இந்த நிலைப்பாட்டின் மிக உயர்ந்த சான்றாகப் பலரும் காட்டுவது இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட்ஷயரில் லாங் விட்டென்ஹாம் என்ற ஊரிலுள்ள பெண்டன் அருங்காட்சியகத்தை. ஆஸ்திரேலியாவிலிருந்து 1925இல் இங்கிலாந்து வந்த ராய் இங்கிலாந்து என்பவர், வைட் ஹார்ஸ் பள்ளத்தாக்கின் கூரைவீடுகள் ஒவ்வொன்றாக மறைந்து வருவதைக் கண்டு, அவற்றை ஓர் அடிக்கு 4 மி.மீ. என்ற கணக்கில் பதிவு செய்யத் தொடங்கினார். அவர் தொடங்கிய பணி 1954இல் அருங்காட்சியகமாக உருப்பெற்றது. அங்குள்ள வீடுகளின் சுவர்கள் பெரும்பாலும் அட்டைதான். ஆனால் ஒவ்வொன்றும் நேரில் அளந்தோ புகைப்படங்களைக் கொண்டு கணக்கிட்டோ கட்டப்பட்டவை. ஒரே குடிசைக்குப் பல மாதங்கள் செலவிடுவது அங்கே இயல்பு.

அமெரிக்காவில் இதே தரப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு ஜாக் பர்ஜெஸ் 1:87 அளவில் கட்டிய யோசெமிட்டி வேலி ரயில்பாதை. கலிபோர்னியாவின் மெர்சிட் நகரத்துக்கும் எல் போர்ட்டலுக்கும் இடையே ஓடி, 1945இல் கைவிடப்பட்ட பாதை அது. மாதிரியில் காலம் 1939ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் என்று திட்டமாக வரையறுக்கப்பட்டிருக்கிறது. காலத்தை இப்படி ஒரே மாதத்துக்குள் அடைத்துவிடுவதில் ஒரு நன்மை உண்டு. எந்தக் கட்டடம் அப்போது நின்றது, அதற்கு என்ன வண்ணம் பூசியிருந்தார்கள், எந்தப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி இருந்தது என்ற கேள்விகளுக்கு ஒரே ஒரு சரியான விடைதான் இருக்க முடியும். தேடலுக்கு இலக்கு கிடைத்துவிடுகிறது.

இத்தரப்பு வலுப்பெற்றதற்கு ஆவணங்களின் பெருக்கமும் ஒரு காரணம். அமெரிக்காவில் 1913ஆம் ஆண்டின் சட்டப்படி ரயில்வே நிறுவனங்களின் சொத்து முழுவதும் மதிப்பிடப்பட்டது. அதற்காகக் களத்தில் எடுத்த குறிப்புகளில் ஸ்டேஷன், கருவி அறை, கழிப்பறை வரை அளவுகள் பதிவாகியிருக்கின்றன. 1933இல் தொடங்கிய வரலாற்றுக் கட்டடக் கணக்கெடுப்பின் வரைபடங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. தீக்காப்பீட்டுக்காக சான்பார்ன் நிறுவனம் வரைந்த நகர வரைபடங்களில் ஓர் அங்குலம் 50 அடியைக் குறிக்கும். இளஞ்சிவப்பு செங்கல் கட்டடத்தையும், மஞ்சள் மரக் கட்டடத்தையும் காட்டும். இவற்றோடு ரயில்வே நிறுவனங்களே வெளியிட்ட நிலையான வரைபடங்களும் உண்டு. சதர்ன் பசிபிக் நிறுவனம் ஸ்டேஷன்களையும் தொட்டிகளையும் எண்ணிட்ட பொது வடிவங்களில் கட்டியது. இங்கிலாந்தின் மிட்லேண்ட் ரயில்வே தன் சிக்னல் கேபின்களை முன்கூட்டியே செய்த மரப் பலகைத் தொகுதிகளைக் கொண்டு நிறுத்தியது. ஒரு கேபினின் தொகுதி அளவு தெரிந்தால் அதே வகையைச் சேர்ந்த மற்றவற்றின் அளவையும் ஓரளவு நம்பிக்கையோடு ஊகித்துவிடலாம்.

ஆயினும் இந்தத் தரப்புக்குப் பலவீனங்கள் உண்டு. முதலாவது, இடம். யோசெமிட்டி வேலி பாதையின் நீளம் ஏறத்தாழ 78 மைல். 1:87 அளவில் அது 1.4 கி.மீ.க்கு மேல் வரும். கட்டடங்கள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அவற்றுக்கு இடையிலுள்ள தூரத்தைச் சுருக்கியே ஆகவேண்டும். பெண்டனிலும் இதுவே நிலை. அங்குள்ள பெண்டன் பார்வா என்ற கிராமம் எந்த நிலப்படத்திலும் கிடையாது. வெவ்வேறு ஊர்களில் உண்மையில் நின்ற வீடுகளைத் தேர்ந்து ஒரு கற்பனைக் கிராமமாகக் கூட்டியிருக்கிறார்கள். ஆக, கடுமையான துல்லியவாதிகளும் கட்டடத்தின் சுவரைத் தாண்டியதும் சமரசத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, ஆவணங்களின் சாய்வு. சான்பார்ன் வரைபடம் கட்டடத்தின் அடித்தளத்தையும் மாடிகளின் எண்ணிக்கையையும் சொல்லும். முகப்பைப் பற்றி அதில் அதிகம் இருக்காது. பழைய புகைப்படங்களோ பெரும்பாலும் தரையில் நின்று, பயணிகள் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டவை. மாதிரியைப் பார்ப்பவர் மேலிருந்து பார்க்கிறார். கட்டடத்துக்கு 40 செ.மீ. மேலே கண் இருந்தால், 1:87 அளவில் அது கிட்டத்தட்ட 35 மீட்டர் உயரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். எனவே மாதிரியில் மிகுதியாகத் தெரியும் பகுதி கூரை. சான்றுகள் மிகக் குறைவாகக் கிடைக்கும் பகுதியும் அதுவே. புகைபோக்கியின் பின்பக்கம், கூரைகள் சந்திக்கும் பள்ளத்தில் பதித்த தகரம், ஓடு மாற்றிய திட்டுகள் ஆகியவற்றுக்கு அளவுப் பற்றுள்ளவரும் ஊகத்தையே நம்ப வேண்டியிருக்கிறது.

மேடைக் காட்சி என்போர்

இரண்டாம் தரப்பின் தெளிவான குரல் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த பிராங்க் எல்லிசனுடையது. மாதிரி ரயில்பாதையை ஒரு நாடக மேடையாகவும், வண்டிகளை நடிகர்களாகவும், சுற்றுப்புறத்தைக் காட்சித் திரையாகவும், வண்டி இயக்கத்தைக் கதையாகவும் அவர் 1940களில் எழுதிய கட்டுரைகளில் விளக்கினார். இந்தப் பார்வையில் கட்டடத்தின் மதிப்பு அது செய்யும் வேலையில் இருக்கிறது. கூட்ஸ் ஷெட் என்றால் வேகன்கள் வந்து நிற்க வேண்டும். மாவு ஆலை என்றால் தானியம் உள்ளே போய் மாவு வெளியே வருவது பார்ப்பவருக்குப் புரிய வேண்டும். அதற்கு ஆலையின் முழு நீளமும் தேவையில்லை.

இதிலிருந்து வளர்ந்த நடைமுறைதான் தேர்ந்து சுருக்குதல். பன்னிரண்டு ஜன்னல் வரிசையுள்ள சுவரை ஏழாகக் குறைப்பது, நான்கு மாடியை மூன்றாக்குவது, பின்சுவரை விட்டுவிட்டுச் சில அங்குல ஆழத்தில் முகப்பை மட்டும் நிறுத்துவது ஆகியவை இதன் வழிகள். டோனி கோஸ்டர் போன்றவர்கள் பின்னர் இதை ஒழுங்குபடுத்தினார்கள். ஓர் உண்மையான இடத்தின் தண்டவாள அமைப்பையும் கட்டடங்களையும் சேர்த்து ஒரு கூறாக எடுத்துக்கொண்டு, அதன் அடையாளம் கெடாமல் சுருக்குவது அவர்கள் சொல்லும் முறை. லண்டனில் கிங்ஸ் கிராஸ் வட்டாரத்தை ஓர் அடிக்கு 2 மி.மீ. அளவில் காட்டும் கோபன்ஹேகன் ஃபீல்ட்ஸ் என்ற லேஅவுட்டில் வேறொரு உத்தி கையாளப்பட்டிருக்கிறது. பின்னால் போகப்போகக் கட்டடங்களின் அளவு படிப்படியாகக் குறைந்து, நகரம் தொலைவுக்கு நீள்வது போன்ற தோற்றம் கிடைக்கிறது. 1910இல் தொடங்கிய, உலகின் பழைய மாதிரி ரயில் சங்கங்களில் ஒன்றான லண்டன் சங்கத்தின் வேலை இது. அளவில் மிகக் கண்டிப்பானவர்கள் என்று பெயரெடுத்தவர்களே இதைச் செய்திருக்கிறார்கள் என்பது கருதத்தக்கது.

எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்பதற்கு இத்தரப்பில் உடன்பட்ட விதி எதுவும் உருவாகவில்லை. இதுவே இத்தரப்பின் பலவீனம். ஜன்னல்களை ஏழாகக் குறைத்தால் சரி, நான்காகக் குறைத்தால் தவறு என்று சொல்வதற்கு அடிப்படை என்ன? பெரும்பாலும் அனுபவசாலிகளின் கண்ணே விடையாகக் காட்டப்படுகிறது. அந்தக் கண் எதைப் பார்க்கிறது என்பதை யாரும் விரிவாகச் சொல்வதில்லை. தனித்தனியே பார்த்தால் நன்றாக இருக்கும் சுருக்கப்பட்ட கட்டடங்கள் ஒரே இடத்தில் சேர்ந்து நிற்கும்போது ஊர் முழுவதும் பொம்மைத்தன்மை பெற்றுவிடுவதும் உண்டு. ஒவ்வொன்றையும் வெவ்வேறு விகிதத்தில் சுருக்கியதன் விளைவு அது.

கற்பனை ஊர்களைக் கட்டியோர்

மூன்றாம் தரப்பினர் அசலைப் பின்பற்றுவதையே கட்டாயமாகக் கொள்வதில்லை. இவர்களில் முன்னோடி இங்கிலாந்தின் ஜான் அஹெர்ன். 1930களின் பிற்பகுதியில் அவர் தொடங்கிய மேடர் வேலி ரயில்பாதை முழுக்கக் கற்பனையானது. ஆனால் அதன் கட்டடங்களுக்குப் பல ஊர்களிலிருந்து உண்மையான மாதிரிகளைத் தேர்ந்துகொண்டார். அட்டையைக் கொண்டு சிறு கட்டடங்கள் கட்டும் முறையைப் பற்றி அவர் எழுதிய நூல் ஒரு தலைமுறைக்கே பாடமாயிற்று. அவர் மறைந்தபின் அந்த லேஅவுட் பெண்டனுக்கே வந்து சேர்ந்தது. இரு தரப்புகளின் தலைசிறந்த படைப்புகளும் இன்று ஒரே கூரையின் கீழ் இருப்பது, அவற்றுக்கு இடையிலான தூரம் சொல்லப்படும் அளவுக்குப் பெரிதல்ல என்பதற்கு ஒரு சான்று.

அமெரிக்காவில் ஜான் ஆலனின் செல்வாக்கு இன்னும் ஆழமானது. கலிபோர்னியாவின் மான்டெரேயில் அவர் கட்டிய கோரி அண்ட் டிஃபீட்டட் என்ற பாதையில், வெயிலும் மழையும் புகையும் பட்டுத் தேய்ந்த கட்டடங்கள் நின்றன. புதுப் பளபளப்போடு மாதிரிகளை நிறுத்தி வந்த காலத்தில், பழுதடைதலையும் மாதிரியின் ஒரு பகுதியாக ஆக்கியவர்களில் அவர் முதன்மையானவர். தொழிலால் புகைப்படக்காரர் என்பதால் அவருடைய கட்டடங்கள் இதழ்களின் வழியே நாடெங்கும் போய்ச் சேர்ந்தன. 1973 ஜனவரியில் அவர் மறைந்த சில நாட்களுக்குள் அந்த லேஅவுட் தீயில் அழிந்துபோனது. இன்று அதை அறிவது படங்களின் வழியாக மட்டுமே. அவர் வழியில் வந்த ஜார்ஜ் செலியோஸ் 1967இல் ஃபைன் ஸ்கேல் மினியேச்சர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் ஃபிராங்க்ளின் அண்ட் சவுத் மான்செஸ்டர் என்ற தம் லேஅவுட்டில் பொருளாதார மந்த காலத்து நியூ இங்கிலாந்து நகரத்தை அடர்த்தியாக எழுப்பினார்.

இதே காலத்தில் ஈ. எல். மூர் என்பவர் அமெரிக்க இதழ்களில் எழுதிய கட்டுரைகள் வேறொரு வகையில் முக்கியமானவை. பால்சா மரம், அட்டை, வீட்டில் கிடைக்கும் பொருள்கள் ஆகியவற்றைக் கொண்டு மிகக் குறைந்த செலவில் சிறு ஆலைகளையும் கொட்டகைகளையும் எப்படிக் கட்டுவது என்று அவர் காட்டினார். துல்லியத்தில் அவை சிறந்தவை என்று யாரும் சொல்லமாட்டார்கள். கட்டும் துணிவைப் பலருக்கு ஊட்டியவை என்று சொல்லலாம். அதைக் குறைத்து மதிப்பிடுவது சரியாகாது.

இத்தரப்பின் குறை மிகைப்படுத்தல். ஒவ்வொரு கூரையும் தொய்ந்து, ஒவ்வொரு சுவரிலும் பலகை பெயர்ந்து, ஒவ்வொரு மூலையிலும் பீப்பாய்கள் குவிந்து நிற்கும் ஊர் எந்த ரயில்பாதையிலும் இருந்ததில்லை. இயங்கிக்கொண்டிருந்த ரயில்வே தன் கட்டடங்களுக்கு ஒழுங்காக வண்ணம் பூசியது. கண்ணாடி உடைந்தால் மாற்றியது. பழுதுக்கும் ஒரு காரணம் உண்டு. இறவாரத்து நீர் சொட்டும் இடத்தில் சுவர் கறுக்கிறது. என்ஜின் நின்று புகைவிடும் இடத்தில் கரி படிகிறது. அந்தக் காரணத்தைத் தொடராத பழுது வெறும் அலங்காரமாகிவிடுகிறது. ஆலனைப் பின்பற்றிய பலர் அவருடைய விளைவுகளை எடுத்துக்கொண்டு, அவருடைய கவனிப்பை விட்டுவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

வண்டி என்ற அளவுகோல்

மூன்று தரப்புகளும் கட்டடத்தை ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு, அதைச் சுருக்கலாமா கூடாதா என்று பேசுகின்றன. தண்டவாளத்தோரக் கட்டடத்தின் தனித்தன்மை இதில் நழுவிப்போகிறது. ஊருக்குள் நிற்கும் வீட்டை ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ரயில்பாதையோரக் கட்டடத்தின் முன்னால் ஒரு வண்டி வந்து நிற்கும். அந்த வண்டி துல்லியமான அளவில் செய்யப்பட்டது. 40 அடி மூடு வேகன் 1:87 அளவில் சரியாக 140 மி.மீ. நீளம். அதன் கதவும் தரையும் கட்டடத்தின் கதவோடும் மேடையோடும் பொருந்த வேண்டும். இந்த ஒப்பீட்டைப் பார்ப்பவர் கேட்காமலேயே செய்துவிடுகிறார்.

ஆகவே கட்டடத்தின் பரிமாணங்களை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். முதலாவது, மனித உடலோடு தொடர்புடையவை: கதவின் உயரம், படியின் எழுச்சி, கைப்பிடியின் உயரம், ஜன்னல் கண்ணாடியின் அளவு. ஏழடிக் கதவு 1:87 அளவில் 24.5 மி.மீ. அதை 20 மி.மீ. ஆக்கினால் அருகில் நிற்கும் 20 மி.மீ. பொம்மை மனிதரின் தலை நிலையில் முட்டும். இவற்றைச் சுருக்க இடமே இல்லை. இரண்டாவது, வண்டியோடு தொடர்புடையவை: பாரம் ஏற்றும் மேடையின் உயரம், தண்டவாளத்திலிருந்து விளிம்பின் தூரம், என்ஜின் ஷெட் வாயிலின் அகலம். நான்கடி மேடை 14 மி.மீ. உயரம், இதில் 2 மி.மீ. பிசகினால் வேகன் தரையும் மேடையும் பொருந்தாது. அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ, வண்டிக்கும் கட்டடத்துக்கும் இடையே விடவேண்டிய இடைவெளிக்குத் தரநிலை வகுத்திருப்பது இதற்காகவே. மூன்றாவது, எண்ணிக்கையாலும் திரும்பத் திரும்ப வருவதாலும் உண்டாகும் பரிமாணங்கள்: ஷெட்டின் கதவுகள் எத்தனை, சுவரில் ஜன்னல்கள் எத்தனை, கட்டடத்தின் மொத்த நீளம் எவ்வளவு. சுருக்கம் இங்கேதான் தாங்கும். பன்னிரண்டு கதவு ஷெட்டை ஏழு கதவாக்கினாலும் ஒவ்வொரு கதவும் அதற்கு முன்னால் நிற்கும் வேகனும் சரியாகவே இருக்கும்.

இந்தப் பிரிவினையை ஏற்றால் எல்லிசனின் மேடைக்கும் பெண்டனின் அளவுகோலுக்கும் இடையிலான முரண் பெருமளவு தணிகிறது. நல்ல சுருக்கம் என்று பாராட்டப்பட்டவை பெரும்பாலும் மூன்றாம் வகைப் பரிமாணங்களை மட்டும் தொட்டவை. பொம்மைபோல் தோன்றியவை முதலிரண்டையும் தொட்டவை. ஜன்னல்களுக்கு இடையிலுள்ள சுவரின் அகலம் மட்டும் இரு வகைக்கும் நடுவில் நிற்கிறது. ஜன்னல்களைக் குறைக்காமல் இடைச்சுவரை நெருக்கினால் முகப்பின் முகமே மாறிவிடும். எண்ணிக்கையைக் குறைத்து இடைவெளியைக் காப்பதே பாதுகாப்பான வழி எனத் தோன்றுகிறது.

பிரிட்டனில் இதற்கு இன்னொரு சிக்கல் சேர்கிறது. அங்கே பரவலாக உள்ள ஓஓ முறையில் வண்டியின் உடல் ஓர் அடிக்கு 4 மி.மீ. கணக்கில் இருக்க, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ஆக நின்றுவிட்டது. அது அசல் பாதையின் நான்கடி எட்டரை அங்குலத்துக்குப் பதிலாக நான்கடி ஒன்றரை அங்குலத்தையே குறிக்கிறது. சரியான இடைவெளி 18.83 மி.மீ.; அதைக் கைக்கொண்டவர்கள் தனி வழியாகப் பிரிந்தார்கள். ஓஓ முறையில் நடைமேடையைக் கட்டுபவர் தண்டவாளத்தின் உள்விளிம்பிலிருந்து அளந்தால், மேடை ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 1.2 மி.மீ. உள்ளே வந்து பெட்டியில் இடித்துவிடக்கூடும். பாதையின் மையக்கோட்டிலிருந்து அளந்தால் பெட்டியோடு பொருந்தும். தண்டவாளம் மட்டும் மேடையிலிருந்து சற்று விலகித் தெரியும். வண்டி நிற்கும்போது கண் மேடைக்கும் பெட்டிக்கும் இடையில்தான் போகிறது என்பதால் மையக்கோடே ஏற்றது.

கண்ணுக்கு எட்டுவதும் எட்டாததும்

மூன்றடி தூரத்திலிருந்து பார்த்து நன்றாக இருந்தால் போதும் என்ற வழக்கு இத்துறையில் பழையது. அதற்கு உடலியல் அடிப்படை ஓரளவு உண்டு. இயல்பான பார்வையுள்ளவருக்குப் பிரித்தறியக்கூடிய நுணுக்கம் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, 90 செ.மீ. தூரத்தில் அது 0.26 மி.மீ. ஓர் அங்குல ஜன்னல் குறுக்குச் சட்டம் 1:87 அளவில் 0.29 மி.மீ. அதாவது கண்ணின் எல்லையை ஒட்டி வரும். செங்கல்லுக்கு இடையிலுள்ள சாந்துக் கோடு, 3/8 அங்குலம் என்று கொண்டால், 0.11 மி.மீ.; அது எல்லைக்கு உள்ளே வராது. எனவே செங்கல் சுவரில் சாந்தைப் பள்ளமாகச் செதுக்குவதைவிட, முழுச் சுவரின் நிறத்தைச் சாந்தின் வெளிறலோடு கலந்து தருவது தொலைவில் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

ஆனால் கண் தடிமனைவிட நேர்கோட்டு ஒழுங்கை மிகக் கூர்மையாக அறியும். இரண்டு கோடுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்பதை, மேற்சொன்ன எல்லையைவிடப் பலமடங்கு நுட்பமாகக் கண் உணர்கிறது. இருமடங்கு தடித்த சட்டத்தைப் பலர் கவனிக்காமல் விடக்கூடும். ஒரு ஜன்னல் வரிசையில் மற்றவற்றைவிட ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தால் உடனே உறுத்தும். துல்லியம் பற்றிய விவாதம் பெரும்பாலும் அளவைப் பற்றியே நடந்திருக்கிறது. ஒழுங்கமைப்பு அதைவிட முக்கியமாக இருக்கலாம். இங்கிலாந்துச் செங்கல் சுவரில் ஓர் அடிக்கு ஏறக்குறைய நான்கு வரிகள் வருவதால், 4 மி.மீ. அளவில் ஒரு வரி 1 மி.மீ. ஆகிறது. கட்டுபவர் வரிகளை எண்ணி ஜன்னலின் அடிவிளிம்பை வரியோடு பொருத்தினாரா என்பது, செங்கல் நீளம் சரியா என்பதைவிட முதலில் தெரியும்.

கேமரா இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. நெருங்கி எடுத்த படம் மூன்றடித் தூரத்தைச் சில அங்குலமாக்கிவிடுகிறது. இதழ்களின் பக்கத்தில் மாதிரிக் கட்டடம் தன் உண்மை அளவைவிடப் பெரிதாகவே அச்சாகிறது. துல்லியத் தரப்பின் கோரிக்கைகள் காலப்போக்கில் கடுமையானதில் இதற்குக் கணிசமான பங்கு இருக்கலாம்.

பொருள்கள் விதிக்கும் வரம்பு

கொள்கை எதுவானாலும் கையிலுள்ள பொருள் அதைத் திருத்துகிறது. அட்டை மலிவானது, நுணுக்கமாக வெட்டலாம். ஈரத்தை உறிஞ்சி வளையும் என்பதால் உள்ளே குறுக்குத் தாங்கிகள் வேண்டும், இருபக்கமும் பூச்சு வேண்டும். மரம் மரத்தைப் போலவே தோன்றும் என்ற எண்ணம் பாதி உண்மை. அதன் இழை சுருங்குவதில்லை. பால்சாவின் இழை 1:87 அளவில் அசாதாரணமாகப் பெரிதாகத் தெரியும். பாஸ்வுட் நெருக்கமான இழையுள்ளது என்பதால் மரக் கட்டடங்களுக்கு விரும்பப்படுகிறது. ஸ்டைரீன் தகட்டில் இழையே கிடையாது. கோடு கீறி உடைக்கலாம், கரைப்பானால் ஒட்டினால் இணைப்பு ஒன்றாக உருகிச் சேரும். தீட்டிய மரச்சுவரைக் காட்ட மரத்தைவிட ஸ்டைரீன் பொருத்தமாக இருப்பது பலருக்கு முதலில் வியப்பளிக்கும். தீட்டிய பலகையில் இழை தெரிவதில்லை என்பதே காரணம்.

தடிமன்தான் எல்லாப் பொருளுக்கும் பொதுவான தொல்லை. அரை அங்குலப் பலகை விளிம்பு 0.15 மி.மீ. ஆகவேண்டும், சுவரோ நிற்பதற்கு ஒரு மி.மீ.யாவது தடிக்க வேண்டும். வெளியே தெரியும் விளிம்புகளை மட்டும் மெலிதாக்குவது, ஜன்னலைச் சரியான ஆழத்தில் பதித்துச் சுவரின் உண்மைத் தடிமனை மறைப்பது என்று ஏமாற்றும் உத்திகள் பல. தோற்றத்துக்காக அளவை மீறுவதை ஏற்காத துல்லியவாதிகளும் இதைச் செய்கிறார்கள்.

கட்டியவர் யார் என்ற கேள்வி

சொந்தக் கட்டுமானம் என்பதற்கு எல்லை எங்கே என்பது தனிக் கேள்வி. 1935இல் மில்வாக்கியில் தோன்றிய என்எம்ஆர்ஏவின் மதிப்பீட்டு முறையில் ஒரு கட்டடத்துக்கு மொத்தம் 125 புள்ளிகள்: கட்டுமானத்துக்கு 40, விவரங்களுக்கு 20, அசலோடு பொருந்துவதற்கு 25, பூச்சுக்கும் எழுத்துக்கும் 25, சொந்தமாகச் செய்ததற்கு 15. கட்டுமானத் தரமே முதலிடம் பெறுவதும், சொந்தமாகச் செய்ததற்கு மிகக் குறைந்த புள்ளிகள் ஒதுக்கப்பட்டிருப்பதும் கவனிக்கத்தக்கவை. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் ஜன்னல்களைப் பொருத்தினால் அந்தப் பதினைந்தில் குறையலாம். ஆனால் கையால் செய்த கோணலான ஜன்னல் நாற்பதில் குறைக்கும். பழைய கிட்களைக் கலந்து வெட்டி ஒட்டும் முறைக்கு ஆர்ட் கரன் போன்றவர்கள் மதிப்பு தேடித்தந்தபின் இந்த எல்லை இன்னும் மங்கியது.

1990களுக்குப் பின் பரவிய லேசர் வெட்டும், பின்னர் வந்த முப்பரிமாண அச்சும் கேள்வியைத் திரும்பவும் எழுப்பியுள்ளன. வரைபடத்தைக் கணினியில் தானே வரைந்து அச்சிட்டவர் கட்டியவரா? வடிவத்தையும் அளவையும் தீர்மானித்தவரே படைத்தவர் என்ற பழைய அளவுகோலைக் கொண்டால் ஆம் என்பதே விடை. இன்னொருவர் வரைந்த கோப்பை இறக்கி அச்சிட்டால் அது கிட் வாங்குவதற்கு அருகில் வருகிறது. இயந்திரம் நேர்கோட்டு ஒழுங்கை எளிதாக்குகிறது என்பது உண்மை. மேலே சொன்னபடி கண் மிகவும் தேடுவதும் அதையே. ஆனால் லேசர் செதுக்கிய செங்கல் மூலையில் வளைந்து தொடர்வதில்லை. பிசின் அச்சில் அடுக்குக் கோடுகள் நிற்கலாம். எல்லாச் செங்கல்லும் ஒரே மாதிரியாக வருவதும் ஒரு குறையே. மூலையைச் சீவிப் பொருத்துவதும், சலிப்பூட்டும் ஒழுங்கைக் கலைப்பதும் இன்னும் கையின் வேலையாகவே இருக்கின்றன.

தீராமல் நிற்பவை

மேலே சொன்ன பிரிவினை, மனித அளவும் வண்டி அளவும் சுருங்கக்கூடாது, எண்ணிக்கை சுருங்கலாம் என்பது, நல்ல கட்டடங்களைப் பார்த்துத் தொகுத்த அனுமானம். எத்தனை ஜன்னல்களை நீக்கினால் கட்டடம் தன் அடையாளத்தை இழக்கிறது என்பதற்கு அது விடை தருவதில்லை. அசலை அறிந்தவர் முதல் குறையிலேயே இழப்பை உணரலாம். அறியாதவருக்குப் பாதி போனாலும் தெரியாமல் இருக்கலாம். யாருடைய கண்ணுக்காகக் கட்டுகிறோம் என்ற கேள்வியை மூன்று தரப்புகளும் போதிய அளவு எதிர்கொள்ளவில்லை.

மற்றொன்று இதைவிடக் கனமானது. பெண்டனின் வீடுகளில் சில, அவற்றின் அசல் மாறியோ மறைந்தோ போனபின் வடிவச் சான்றாக நிற்கின்றன. கைவிடப்பட்ட பாதைகளின் ஸ்டேஷன்களுக்கும் கூட்ஸ் ஷெட்களுக்கும் இந்த நிலை வந்துகொண்டிருக்கிறது. அப்போது மாதிரி ஓர் ஆவணமாகிறது. வரைபடத்தில் ஊகமான பகுதியைப் புள்ளிக்கோட்டால் காட்டலாம்; கட்டடத்தில் அளந்த சுவரும் ஊகித்த கூரையும் ஒரே உறுதியோடு நிற்கும். எந்தச் சுவர் புகைப்படத்திலிருந்து வந்தது, எந்தப் பக்கம் அண்டைக் கட்டடத்தைப் பார்த்து ஊகித்தது என்பதைக் கட்டியவர் எழுதி மாதிரியோடு சேர்த்து வைப்பதற்குப் பொதுவான வழக்கம் எதுவும் இன்னும் வேரூன்றவில்லை. என்எம்ஆர்ஏ மதிப்பீட்டின்போது அசலுக்கான சான்றுகளைத் தருவது நல்லது என்ற எதிர்பார்ப்பு இருப்பதால் அதற்கான வித்து ஏற்கெனவே இருக்கிறது எனலாம். ஆனால் அந்தக் காகிதங்கள் தீர்ப்புக்குப்பின் கட்டடத்தோடு போவதில்லை; கட்டியவரின் அலமாரியிலேயே தங்கிவிடுகின்றன.